தகுதியும் காரீயமும்

“சேரிப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்கிறான் ஆண்டை. “தகுதி, திறமை” என்கிறான் படித்தவன். சொல்தான் வேறு, சாதி ஒன்றுதான்.

தோழர்களே, கார் ஊர்த்தெருவில் ஓடுகிறது. அதன் பேட்டரி செத்தால் எங்கே உடைபடுகிறது? நம் குடிசை வாசலில், சோறு பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்தில். தகடு உருக்கிய அப்பனின் சட்டையோடு காரீயத் தூசி வீட்டுக்குள் வருகிறது. தவழுகிற பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும் பிள்ளை உடம்பு. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இல்லாத வயிறு இன்னும் இழுத்துக்கொள்ளும். அது எலும்பில் தங்கும், வளருகிற மூளையைக் கெடுக்கும். போனதை எந்த மருந்தும் திருப்பித் தராது.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று 2020இல் யுனிசெஃப் மதிப்பிட்டது. 2000இல் பெட்ரோலிலிருந்து காரீயத்தை எடுத்தார்கள். 2016இல் பெயிண்டுக்கு 90 பிபிஎம் என்று விதி செய்தார்கள். சரி, எங்க வாசலுக்கு?

நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை, குறைக்கிறார்கள். உலையைக் குடியிருப்பைவிட்டு அகற்று. உருக்குகிறவனுக்கு வேறு பிழைப்புக் கொடு. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் ரத்தத்தை இலவசமாகச் சோதித்துச் சொல்.

அதுக்கப்புறம் வா, தகுதியைப் பத்திப் பேசலாம்.