பாட்டியின் பாட்டும் வழக்கறிஞரின் பேனாவும்

சர் வால்டர் ஸ்காட் என்றதும் நம்மில் பலருக்கு ‘ஐவன்ஹோ’ நாவல்தான் நினைவுக்கு வரும். அவரைப் புகழ்வோர் பெரும்பாலும் கடன் கதையைச் சொல்வார்கள். 1826இல் ஏறத்தாழ 120,000 பவுன் கடன் தலையில் விழுந்தபோது, 1832இல் இறக்கும்வரை எழுதி எழுதியே அதை அடைக்க முயன்றார். உயர்ந்த செயல்தான். ஆயினும், நாவலாசிரியர் ஆவதற்கு முன் அவர் செய்த பணியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1771இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட், 1792இல் வழக்கறிஞரானார். குழந்தைப் பருவத்து நோயால் வலக்கால் ஊனம். அந்தக் காலோடு, அதே ஆண்டு தொடங்கி ஏழு ஆண்டுகள் லிடெஸ்டேல் என்னும் எல்லைப்புறப் பள்ளத்தாக்குக்குப் போய், குடியானவர்கள் வாயிலிருந்த கதைப்பாடல்களைத் திரட்டினார். 1802, 1803ஆம் ஆண்டுகளில் அவை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

ஒரு வெள்ளைக்காரர் பாட்டுச் சேர்த்த கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் ஜான் லெய்டன். 1803இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, 1805இல் நம் பினாங்கில் தங்கியவர். ‘செஜாரா மெலாயு’வை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே! அவர் 1811இல் ஜாவாவில் இறந்தபின், 1821இல்தான் அந்நூல் வெளிவந்தது.

ஆனால் ஸ்காட் ஒரு பிழையும் செய்தார். ஒரே பாட்டின் பல வடிவங்களைக் கலந்து ஒன்றாக்கினார். நயம் குறைந்ததாகத் தோன்றிய இடத்தில் தாமே வரிகளைச் சேர்த்தார். அவருக்குப் பாடிக் காட்டிய மார்கரெட் லெய்ட்லா என்ற மூதாட்டி, இவை பாடுவதற்கான பாட்டுகள், அச்சிட்டுக் கெடுத்துவிட்டாய் என்று கடிந்துகொண்டதாக அவர் மகன், எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக், எழுதியிருக்கிறார். என் பார்வையில் வழக்கு மூதாட்டி பக்கம்தான். பின்னாளில் அமெரிக்கப் பேராசிரியர் சைல்ட் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே பதிப்பித்தார். அதுவே சரியான வழி.

நம் தோட்டப்புறங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் பால்மரக்காட்டுப் பாட்டும் இன்று எத்தனை பேர் வாயில் உள்ளன? தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிந்தபோது, பாடியவர்களும் திசைக்கொருவராகச் சிதறினர். சிலர் தொகுத்துள்ளனர், ஆனால் அச்சேறும்போது கொச்சை என்று சொற்களைத் திருத்துவதும், கங்காணியைத் திட்டும் வரிகளை நாகரிகம் கருதி விடுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். திட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் என்ன மிஞ்சும்?

மொழிக்கழக நண்பர்களே, வரும் விடுமுறையில் கைப்பேசியோடு பாட்டிமார்களிடம் போய் அமருங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் மூன்றையும் அவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இருவர் இரு விதமாகப் பாடினால் இரண்டையும் எழுதுங்கள். ஒரு வரி மறந்துபோனால் அந்த இடத்தில் புள்ளி வைத்துவிடுங்கள். நாமாக இட்டு நிரப்ப வேண்டாம்.