பாசியை வளர்ப்பது வெயிலா, வண்டலா?

பங்குனி பிறந்துவிட்டால் கடம்பத்தூர் வட்டார ஏரிகளில் நீர் இறங்க இறங்கப் பாசி மேலே வருகிறது. மதகுக் கண் அடைபடுகிறது. வலை வீசினால் மீனுக்கு முன்னே பாசிதான் ஏறுகிறது. கேட்டால், "இந்த வருஷம் வெயில் அதிகம், அதனால்தான்" என்பார்கள். இது பாதி உண்மை.

வேலம்பாசி, ஹைட்ரில்லா போன்ற செடிகள் சேற்றில் வேரூன்றி நீருக்குள்ளேயே வாழ்பவை. மங்கிய ஒளிக்குப் பழகியவை. ஹைட்ரில்லா, முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலே உயிர் வாழும். மூன்றில் ஒரு பங்கு ஒளியிலேயே அதன் ஒளிச்சேர்க்கை உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வெயில் அடித்தாலும் கூடுதல் வளர்ச்சி இல்லை. உச்சிவெயிலில் மேல்மட்ட இலைகள் சோர்ந்தும் போகும்.

அப்படியானால் கோடையில் பாசி பெருகுவது ஏன்? தரைக்கு ஒளி எட்டுவதால்தான். வண்டல் படிந்து மேடான ஏரியில் முழங்கால் அளவு நீரே நிற்கிறது. அதில் வெயில் சேறு வரை இறங்கி, புதைந்து கிடக்கும் கிழங்குகளை முளைக்க வைக்கிறது. வயலிலிருந்து வழிந்து வரும் உரச்சத்தும், ஊர்க் கழிவுநீரும் அதற்குத் தீனி போடுகின்றன.

பாசி மண்டிய நீரில் மீன் வளர்ப்போருக்கு ஆபத்து விடியலில் காத்திருக்கிறது. பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிப் பிராணவாயுவை விடுகிறது. மாலைக்குள் நீரின் கார நிலை 9-ஐத் தாண்டுவதும் உண்டு. இரவில் அதே பாசி பிராணவாயுவை இழுத்துக்கொள்கிறது. அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

களைக்கொல்லி இதற்குத் தீர்வாகாது. அந்த நீர்தான் நெல்லுக்குப் பாய்கிறது. அதையே மாடு குடிக்கிறது. மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் மடிந்து அழுகினால் பிராணவாயு மேலும் குறைந்து மீன் சாகும். அறுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் பயனில்லை. ஒரு கணு மிதந்தாலே புதுச்செடி ஆகிவிடும். வாரிக் கரையேற்றி, மட்க வைத்து எருவாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழிக்கவும் வேண்டாம். ஓரளவு பாசி இருந்தால் மீன்குஞ்சுக்கு மறைவிடம் கிடைக்கும், நீரும் தெளியும்.

மீன் குட்டை வைத்திருப்போர், பாசி முளைக்கும் முன்பே அளவாகச் சாணமிட்டு நீரைப் பசுமையாக்கலாம். நுண்ணுயிர்ப் பசுமை அடியில் நிழல் போடும். முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை மறைய வேண்டும். அதுவே சரியான அளவு. பாசி மண்டிய பிறகு சாணமிட்டால் பாசிக்கே உரமாகும். 1959-ல் இந்தியாவுக்கு வந்த புல் கெண்டை, இப்பாசியை விரும்பித் தின்னும். விரல் நீளத்தைத் தாண்டிய குஞ்சுகளாகப் பார்த்து விட வேண்டும்.

ஏரிகளுக்கோ முதல் மருந்து தூர்வாருதல். ஆழம் கூடினால் அடிக்கு ஒளி குறையும், கிழங்கும் வண்டலோடு வெளியேறும். வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டலைக் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் அரசு வழி செய்துள்ளது. ஆனால் விவசாயி விண்ணப்பித்து அனுமதி வருவதற்குள் மழை வந்துவிட்டால் என்ன பயன்? ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியிலேயே அனுமதி கையில் கிடைக்க வேண்டும். எந்த ஏரியில் எவ்வளவு எடுக்கலாம் என்ற விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கழிவுநீர் ஏரியில் கலக்கும் வாயை ஒன்றிய நிர்வாகம் அடைக்க வேண்டும்.

கூவம் ஆற்றுக்குப் பெயர் தந்த கூவம் கிராமம் இருப்பது இந்த ஒன்றியத்தில்தான். இங்குள்ள ஏரி தூர்ந்தால் இழப்பு கீழேயுள்ள ஊர்களுக்கும் சேர்த்துத்தான். வெயிலை நம்மால் குறைக்க முடியாது. ஏரியின் ஆழத்தைக் கூட்ட முடியும்.