குடிபெயரும் செலவு யாருடையது?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, கும்பகோணம் ரயில் நிலையத்தில், மைசூருக்குச் செல்லும் விரைவு வண்டியை எதிர்பார்த்து என் தமக்கையும் அவள் மகனும் நானும் நின்றிருந்தோம். இருபத்துநான்கு வயது நிரம்பிய அந்தப் பிள்ளை, கல்யாண மண்டபங்களுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் ஓர் உள்ளூர் நிறுவனத்தில் இரண்டு வருஷம் உழைத்துத் தொழிலின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டு, அந்தப் பயிற்சியின் பலனாகப் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வெப் டிசைனர் உத்தியோகம் பெற்று, ஆயுளில் முதன்முறையாகத் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து ஜீவனத்துக்காகப் பிரயாணப்பட்டான். அவனிடம் ஒரு பெட்டியும் முதுகுப் பையும், பருப்புப் பொடியும் மிளகாய்ப் பொடியும் அடைத்த இரண்டு எவர்சில்வர் டப்பாக்களும் இருந்தன. வண்டி நகர்ந்தபோது விடை கொடுத்து அசைந்த என் தமக்கையின் கையைப் பார்த்த பிறகுதான், அதில் வளையல்கள் இல்லை என்பது என் கவனத்துக்கு வந்தது. "வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணுமேடா, பாங்கில வெச்சிருக்கேன். அவன் சம்பாதிச்சு மீட்டுக் கொடுப்பான்" என்றாள்.

அன்று முதல் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு கேள்வியையே வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு நிறுவனம் தன் காரியத்துக்காக ஒருவனை அயல் மாநிலத்துக்கு வரவழைக்கும்போது, அவன் அங்கே வந்து குடியமர்வதற்கு ஆகும் செலவு நியாயமாக யாரைச் சேர்ந்தது? இன்றைய வழக்கப்படி அது முழுவதும் வருகிறவனையே, அதாவது பெரும்பாலும் அவனைப் பெற்றவர்களையே சேர்கிறது. இது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணக்கைச் சற்று விவரமாகவே பார்ப்போம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரில் நெடுநாளைய வழக்கம். இப்போது சில இடங்களில் ஐந்தாகவும் ஆறாகவும் குறைந்திருப்பினும், பழைய வழக்கத்தை விடாத வீட்டுக்காரர்களுக்குக் குறைவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் பொம்மசந்திரத்தில், ஒரே படுக்கையறை உள்ள ஒரு வீட்டை 12,000 ரூபாய் வாடகைக்கு அவனும் அவன் சிநேகிதன் ஒருவனும் சேர்ந்து பிடித்தார்கள். அட்வான்ஸ் 1,20,000 ரூபாய். அதில் பாதி இவன் பங்கு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதிலும் பாதி. மெத்தை, அடுப்பு, காஸ் சிலிண்டர், நாலு பாத்திரம், ஒரு பிளாஸ்டிக் வாளி, முதல் சம்பளம் கைக்கு வரும் வரையில் ஒன்றரை மாதத்துச் சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 32,000. ஆக, ஒரு நாள் வேலை செய்து காட்டுவதற்கு முன்பாகவே மூன்று மாதச் சம்பளத்தை அவன் குடும்பம் கடனாக வாங்கிக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் கூலி என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு வந்த நியமனக் கடிதத்தை நான் வரி விடாமல் படித்துப் பார்த்தேன். எந்தத் தேதியில் வந்து சேர வேண்டும், விலகுவதானால் எத்தனை மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், தொழில் ரகசியங்களை எவ்வாறு காக்க வேண்டும் என்பனவெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்லப்பட்டிருந்த அந்தக் கடிதத்தில், இருநூறு மைல் தாண்டி வருகிற இந்தப் பையன் எங்கே தங்குவான், எதைக்கொண்டு தங்குவான் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே துறையில் உயர்ந்த பதவிகளுக்கு வருகிறவர்களுக்கு ரீலொகேஷன் அலவன்ஸ் என்று ஒரு தொகை உண்டு. சாமான்களைக் கட்டி ஏற்றி வரும் செலவும், வீடு அமையும் வரையில் ஓட்டலில் தங்கும் செலவும் அவர்களுக்குக் கிடைப்பது சகஜம். சேமிப்பு உள்ளவனுக்கு உதவி கிடைக்கிறது, இல்லாதவனுக்குக் கிடைப்பதில்லை. எவ்வளவு யோசித்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தர்மத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் ஏதோ புதிய உரிமையொன்றைக் கற்பனை செய்து கேட்பதாக எவரும் எண்ண வேண்டாம். ஒப்பந்தக்காரர்கள் மூலமாக ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக 1979-ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேலைக்கு எடுக்கும்போதே, மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும், அதைத் திரும்பக் கேட்கலாகாது என்றும், போகவர ரயில் கட்டணத்தோடு பிரயாண நாட்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் விதித்தது. அது சரிவர அமலாகவில்லை என்பதை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நெடுஞ்சாலைகளில் குழந்தை குட்டிகளோடு நடந்து சென்ற ஜனங்கள் உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். அதே ஆண்டில் பழைய சட்டங்களைத் தொகுத்துப் புதிதாக இயற்றியபோது பிரயாணப் படி நின்றது. இடப்பெயர்ச்சிப் படி விடுபட்டுப் போயிற்று. அமலாகாத குறை ஒருபுறமிருக்க, ஊரை விட்டு ஊர் வருவதே ஒரு நஷ்டம், அந்த நஷ்டத்தை வரவழைக்கிறவன் ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை இந்த நாட்டின் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்புக்கொண்டிருந்தது என்பதே இங்கே முக்கியம். கல் உடைக்கிறவனுக்குப் பொருந்திய தத்துவம், திரையின் முன் அமர்ந்து பக்கங்களை வடிவமைக்கிறவனுக்கு ஏன் பொருந்தக் கூடாது? மத்திய அரசின் ஊழியர் ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிக் குடிபோகும்போது, அவருடைய மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் சாமான் கட்டும் செலவுக்காக வழங்கப்படுகிறது. அது மாற்றலுக்கு உரியது, முதல் நியமனத்துக்கு உரியதன்று என்று வேறுபாடு காட்டுவோர் உண்டு. வீடு மாறுகிறவனின் கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால், அந்த வேறுபாடு எதிர்த் திசையில்தான் நியாயம் சொல்லும்.

இவனாக விரும்பித்தானே போனான், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்று கேட்கலாம். 2020 மார்ச்சுக்குப் பிறகு நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டுகிறேன். நகரத்து அலுவலகங்கள் எல்லாம் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில், இணையதளங்களை வடிவமைக்கும் தொழில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மன்னார்குடியிலும் மாயவரத்திலும் வீட்டுத் திண்ணையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அந்தக் காரியத்தைக் குறைவின்றிச் செய்து முடித்தார்கள். நிலைமை சீரான பிறகு, நேரில் வந்தே தீர வேண்டும் என்று அழைத்தவை நிறுவனங்களே. அப்படி அழைப்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது ஒரு பாக்கியம். அது வீடியோ அழைப்பில் கிட்டாது. ஆனால் நேரில் வருவது நிறுவனத்துக்கு அவசியமானால், அந்த அவசியத்தின் விலையையும் நிறுவனமே கொடுக்க வேண்டும்.

வருகிறவனும் கொடுக்க வேண்டிய ஒன்று உண்டு. அது பணத்தால் தீராதது. அந்தப் பிள்ளை சேர்ந்த இரண்டாவது வாரத்தில் நடந்ததை ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னான். ஆங்கிலத்தில் அமைந்த ஒரு பக்கத்தைக் கன்னடத்திலும் அமைக்கும் வேலை அவனிடம் வந்தது. 'மற்றும்' என்ற பொருள் தரும் 'மத்து' என்னும் சொல்லைக் கன்னடத்தில் எழுதும்போது, தகர ஒற்றை நம்மைப் போல் புள்ளி வைத்து வரிசையில் எழுதாமல், இரண்டாவது தகரத்தை முதல் தகரத்தின் காலடியில் தொங்கவிட்டு எழுதுவார்கள். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்குப் போதுமான இடத்தையே இவன் விட்டிருந்தபடியால், கீழே தொங்கிய எழுத்துக்கள் எல்லாம் பக்கம் முழுவதும் அடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தன. இவன் கண்ணுக்கு அது அழகான பக்கமாகவே தோன்றிற்று. தேநீர் கொண்டுவந்து வைக்க வந்த ஒரு பெரியவர்தான் திரையைப் பார்த்து, எழுத்தெல்லாம் அறுபட்டிருக்கிறதே என்று காட்டிக் கொடுத்தார். ஒரு பாஷையை வாசிக்கத் தெரியாதவன் அந்தப் பாஷைக்குப் பக்கம் அமைக்க முடியாது என்பதை அன்று உணர்ந்துகொண்டதாகச் சொன்னான். அன்று இரவே கன்னட அரிச்சுவடியை எடுத்து உட்கார்ந்தானாம். அதைக் கேட்டு என் மனம் குளிர்ந்தது.

'கன்னட கொத்தில்லா' என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொண்டு, பத்து வருஷம், இருபது வருஷம் அந்த நகரத்தில் காலம் தள்ளுகிறவர்கள் நம்மவரிலும் இருக்கிறார்கள். தமிழ் அறிந்தவனுக்கு இது மன்னிக்கத்தக்க குறையன்று. ஏனென்றால் கன்னடம் நமக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் பாஷை. நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பெயர் ஹெசரு. ஒரு பகரம் ஹகரமாகும் விதியைத் தெரிந்துகொண்டாலே நூறு சொற்கள் கைக்கு வந்துவிடுகின்றன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி என்று அந்த ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். எல்லோரும் மாஸ்தியாக முடியாது. பஸ்ஸின் பலகையைப் படிக்கவும் காய்கறிக்காரியிடம் அவள் பாஷையில் விலை கேட்கவும் எவராலும் முடியும்.

2024 ஜூலையில், தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் ஏனைய பதவிகளில் 70 சதவீதமும் உள்ளூராருக்கே என்று கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்குச் சம்மதம் அளித்து, எதிர்ப்பு எழுந்ததும் இரண்டொரு நாளில் அதை நிறுத்தி வைத்தது. ஹரியானா இயற்றிய இதுபோன்ற சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் சென்று வசிக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு நமக்குக் கொடுத்திருக்கும்போது, இத்தகைய வேலிகளை நான் ஆதரிக்க இயலாது. போகிறவன் சும்மாவும் போவதில்லை. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே 200 ரூபாயைத் தொழில் வரியாக அந்த மாநிலத்துக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறான். எனினும், தங்கள் பாஷையைச் சற்றும் மதியாதவர்களைக் கண்டு அந்த ஜனங்களுக்கு உண்டாகும் மனத்தாங்கலில் உண்மை இருக்கிறது. காவிரிப் பிரச்சினையில் 1991-லும் 2016-லும் எரிந்த நெருப்பை நினைத்தால், அந்த உண்மையை அலட்சியம் செய்வது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

கர்நாடக அரசைக் கேட்கவும் எனக்கு ஒன்று இருக்கிறது. குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கலாகாது என்று 2021-இல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. வீட்டு வாடகை மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயமாகையால், அவை மனம் வைத்தால் ஒழிய அந்தக் காகிதத்துக்கு உயிரில்லை. இரண்டு மாதம் என்ற விதி உண்மையாக அமலில் இருந்திருந்தால், என் தமக்கையின் மகன் தன் பங்குக்கு 60,000 ரூபாய்க்குப் பதில் 12,000 ரூபாய் கொடுத்துக் குடியேறியிருப்பான்.

கணினித் துறையின் நிறுவனங்களை நடத்துகிற பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. வெளி மாநிலத்திலிருந்து முதன்முறையாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நீங்கள் அனுப்பும் நியமனக் கடிதத்தில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ரயில் கட்டணமும் ஒரு மாதச் சம்பளமும், சேரும் நாளுக்கு முன்பாகவே, திரும்பக் கேட்கும் நிபந்தனை இல்லாமல் கொடுக்கப்படும் என்று. வீட்டு அட்வான்ஸுக்காக வட்டியில்லாத முன்பணமும் கொடுத்து, அதைப் பன்னிரண்டு தவணைகளில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியுமானால் இன்னும் நல்லது. உங்கள் பெரிய கணக்குப் புத்தகத்தில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை; எங்கள் கும்பகோணத்துத் தெருவில் அது ஒரு தாயின் கை வளையல்.