ஒரு பல் தப்பினால்...

(இறுதியாண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு)

ஊத்துக்குளி என்றதும் எல்லோருக்கும் வெண்ணெய்தான் ஞாபகம் வரும். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதைக்கு நம் துறையில் உதாரணம் கேட்டால், நான் டைமிங் செயினைத்தான் சொல்லுவேன். கவரைக் கழற்றி, புது செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் மாட்டி, கடைசியில் ஒரே ஒரு பல் தப்பினால் பட்ட பாடெல்லாம் வீண்!

நண்பர்களே, கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு 20 பல் என்றால் கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு 40 பல். கேமில் ஒரு பல் என்பது 9 டிகிரி. கிராங்க் கணக்கில் 18 டிகிரி! டி.டி.சி.க்கு 10 டிகிரி முன்னால் திறக்க வேண்டிய இன்லெட் வால்வு, ஒரு பல் பின்தங்கினால் டி.டி.சி. தாண்டி 8 டிகிரியில்தான் திறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகலாம். ஆனால் இழுக்காது, ஐடிலிங் நிற்காது. இன்னும் ஓரிரு பல் தள்ளிப் போனால், இடைவெளி குறைந்த எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நாம் படிக்காமலா இருக்கிறோம்? லேபில் வெட்டுத் தோற்ற எஞ்சினைச் சுற்றி, பிளைவீலில் சாக்பீஸால் கோடு போட்டு, நூல் வைத்து அளந்து, வால்வ் டைமிங் டயகிராம் அழகாக வரைகிறோம். மார்க்கும் வாங்குகிறோம். ஆனால் அந்தச் செயினை ஒருதரமாவது கழற்றி மாட்டினோமா? அங்கேதான் கோளாறு.

"மார்க் பார்த்து மாட்டியாச்சுங்க, அப்புறம் எதுக்குங்க சுத்திப் பாக்கறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டென்ஷனர் இல்லாத பக்கம் செயின் விறைப்பாக இருக்க வேண்டும். அங்கே தொய்வு இருந்தால், டென்ஷனர் பின்னை உருவியதும் செயின் இழுபட்டு, சரியாக இருந்த மார்க் நகர்ந்துவிடும். ஆகவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பலம் போடக் கூடாது. ஸ்ப்ராக்கெட் மார்க்குகள் மறுபடி நேருக்கு வந்தால் சரி. கலர் கண்ணிகள் அப்போது மார்க்குக்கு வராது. அதற்குப் பல சுற்று ஆகும். அதைப் பார்த்து பயந்து மறுபடி பிரிக்க வேண்டாம்.

மாருதி 800-க்கு பெல்ட். இன்றைய பல கார்களுக்குச் செயின். "செயின்தானே, ஆயுசுக்கும் வரும்" என்று ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பின்கள் தேய்ந்து செயின் நீளும், டைமிங்கும் நகரும். இந்த வேலை குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது.

டைமிங் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதுசா என்ன? ஓவர்லாக் மிஷினில் ஊசிக்கும் லூப்பருக்கும் டைமிங் தப்பினால் தையல் விட்டுவிட்டு விழும். இன்டர்லாக் நிட்டிங் மிஷினில் டயல் ஊசிக்கும் சிலிண்டர் ஊசிக்கும் டைமிங் தப்பினால் துணி கெட்டுவிடும். அதனால்தான் பனியன் கம்பெனி பிட்டர் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறார். அவர் டயகிராம் வரைந்து மார்க் வாங்கியவரில்லை; கையைப் பழக்கி வைத்திருக்கிறார். பக்கத்துக் கோவையில் எல்.ஜி.பி. 'ரோலான்' செயின் செய்கிறது, சென்னையில் டி.ஐ. 'டயமண்ட்' செயின் செய்கிறது. செயின் செய்கிற நாட்டில் இருந்துகொண்டு, மாட்டத் தெரியாத டிப்ளமோக்காரர் என்று பெயர் வாங்கலாமா?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் ஒரு பழைய எஞ்சினை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மாணவனும் மாணவியும் செயினைக் கழற்றி மாட்ட வேண்டும். வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி மாட்டி, கையால் சுற்றி, என்ன மாறுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிராக்டிகல் தேர்வில் படத்துக்குத் தரும் மார்க்கில் பாதியை அந்த இரண்டு சுற்றுக்குத் தர வேண்டும்.

சாவியைத் திருப்ப ஒரு நொடி. கையால் சுற்ற இரண்டு நிமிடம். வண்டிக்காரர் நம்மை நம்பித்தான் சாவியைத் தருகிறார். அந்த நம்பிக்கைக்கு இரண்டு நிமிடம் தரக் கூடாதா? சிந்திப்போம் தோழர்களே!