பெரட்டுக்குக் கங்காணி, பிள்ளைக்கு யார்?

பெல்மதுளைத் தோட்டங்களிலே தொழிலாளி ஒருவர் ஒருநாள் பெரட்டுக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை, எங்கே போனாய் என்று கேள்விமேல் கேள்வி! அதே லயத்துப் பிள்ளை ஒரு மாதம் பாடசாலைப் பக்கமே போகாவிட்டால் கேட்பார் யார்? ஒருவருமிலர். கொழுந்துக்குள்ள மதிப்பு குழந்தைக்கு இல்லை!

கேட்பதற்கு ஆட்கள் வருகிறார்கள், எப்பொழுது? மாணிக்கக் குழியில் மண் சரிந்தபின், கசிப்புப் போத்தலோடு பையன் பிடிபட்டபின், பொலிசார் வருவர். நன்னடத்தை அலுவலர் வருவார். கடைசியாகப் பத்திரிகைக்காரரும் வருவர். (ஆம், நாமுந்தான்.) பாடசாலையை விட்டு வீட்டு வேலைக்குச் சென்ற மஸ்கெலியாச் சிறுமியர் இருவர் 2009 இல் கொழும்புக் கால்வாயிலே பிணமானபோது நாடு அழுதது. 2021 இல் டயகமச் சிறுமி வேலைக்கு நின்ற வீட்டிலே தீக்காயமுற்று மாண்டபோது மறுபடியும் அழுதது. அழுது என்ன கண்டோம்?

சட்டம் இல்லையா? உண்டு. 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வரை கல்வி கட்டாயம். 2016 இல் அது 16 ஆயிற்று. கிராம அலுவலர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழு வேண்டுமென்பதும் அவ்விதியிலேயே உண்டு. லயத்து வாசலில் அக்குழுவின் காலடியை நாம் கண்டதில்லை. வியப்பென்ன? பிரதேச சபையின் கை தோட்டத்து எல்லைக்குள் நீளுவதற்கே 2018 இன் திருத்தம் வேண்டியிருந்தது!

நாம் கேட்பது பெரிதன்று. உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி அதே லயத்தில் இருக்கும் இளைஞரும் யுவதியரும் உளர். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளை ஒப்படையுங்கள். மூன்று நாள் வராத பிள்ளையின் பெயரை ஆசிரியர் அந்த அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுக்கட்டும். அன்று மாலையே அவர் லயத்துக்குப் போகட்டும். சப்பாத்து இல்லையா? தாய் வெளிநாடு போனதால் தம்பியைப் பார்க்க ஆளில்லையா? தோட்டத்துப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிய, பட்டணத்துப் பள்ளிக்குப் போகப் பஸ் காசு இல்லையா? முதல் வாரத்தில் இவை தீர்க்கக்கூடிய குறைகள். ஆறு மாதம் போனால் பிள்ளை கொழும்பில் யாரோ ஒருவரின் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்.

பணம் எங்கே என்பர் சிலர். பிடிபட்ட சிறுவனை அடைத்து வைத்துச் சோறு போடமட்டும் பணம் எங்கிருந்து வருகிறதாம்?

மாதந்தோறும் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கத் தலைவர்களே! உங்கள் அங்கத்தவரின் பிள்ளைகளில் எத்தனை பேரின் பெயர் இந்தத் தவணையில் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது? பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?