ஃபிளாஷ் போயிற்று, நம் பாடங்கள்?

திரிங்காப் போன்ற மலையூர்களில் இணையத்தை மட்டும் நம்பி வகுப்பறைக்குள் நுழைய இயலாது என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆகவே, குறுவட்டிலிருந்தே இயங்கிய ஃபிளாஷ் பாடங்கள் நமக்குப் பெருந்துணையாக விளங்கின. எழுத்து அசையும், ஒலி கேட்கும், சொடுக்கினால் விடை தோன்றும். அவற்றை உருவாக்கியோரை நான் குறை கூறேன். அன்று அதனினும் எளிய கருவி வேறில்லை.

ஆனால், அம்மென்பொருள் ஒரு தனி நிறுவனத்தின் உடைமை. 2005இல் மேக்ரோமீடியாவிடமிருந்து அடோபியின் கைக்கு மாறியது. பாதுகாப்புக் குறைகள் பெருகின. 2017 ஜூலையில் அடோபியே அதன் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31இல் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் உலாவிகளில் ஃபிளாஷ் கோப்புகள் தடுக்கப்பட்டன. அதே மாதம் 22ஆம் நாள் பகாங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. மூன்றாண்டுக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தும் நம்மில் பலர் அசையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறுவர்க்கு நிரலாக்கம் கற்பிக்கும் ஸ்கிராட்ச் இதே நிலையில்தான் இருந்தது. 2013இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு ஃபிளாஷில் அமைந்தது. மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவினர் அதனை முழுதும் மாற்றி எழுதி, 2019 ஜனவரியிலேயே மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். பிள்ளைகளின் பழைய படைப்புகள் புதியதிலும் திறந்தன. கட்டளைகளும் படங்களும் ஒலிகளும் கோப்பினுள் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தமையே காரணம்.

நம் பாடங்கள் அவ்வாறு அமையவில்லை. 2008இல் வந்த பத்தாம் பதிப்புக்கு முன் ஃபிளாஷ் ஒருங்குறித் தமிழைச் சரிவரக் காட்டாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆதலின், எழுத்துகளைப் படமாக்கிச் சேர்த்தனர், அல்லது பழைய குறியாக்க எழுத்துருக்களைக் கையாண்டனர். படமாக்கிய சொற்களை இன்று மீண்டும் தட்டெழுதத்தான் வேண்டும்.

புதிய பாடங்களை எச்.டி.எம்.எல். கோப்புகளாக ஆக்குவதே நன்று என்பது என் கருத்து. கற்பது சற்றுக் கடினமே, மறுக்கவில்லை. ஆயினும், அது எவர் ஒருவரின் தனியுடைமையும் அன்று. விரலியிலிருந்து இணையமின்றித் திறக்கும். தமிழை உலாவியே செம்மையாகக் காட்டும். அதிலும் பாடச் சொற்களை ஒருங்குறியிலும், படங்களையும் ஒலிகளையும் வேறு கோப்புகளிலும் தனியே வைத்துக்கொள்க. இலவசப் புதிர்த் தளங்களைப் பரிந்துரைப்போரிடம் நான் கேட்பது ஒன்றே: நாம் எழுதிய வினாக்களைத் திரும்ப இறக்கிக்கொள்ள வழியுண்டா?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய தமிழ்ப்பாடக் குறுவட்டுகள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். தானே இயங்கும் கோப்பாக இருந்தால் விண்டோஸ் கணினியில் இன்றும் திறக்கக்கூடும். பிறவற்றுக்கு ரஃபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் உள்ளது. பழைய வகைப் பாடங்கள் பெரும்பாலும் அதில் இயங்குகின்றன, பிற்கால வகையுள் சில தடுமாறுகின்றன. குறுவட்டுகளைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். அவை பழுதாகுமுன் படியெடுத்துக்கொள்ளலாம்.