அம்மா இருக்கிற அனாதைகள்

மலேசியத் தமிழ்ச் சபைகளில் 'மிஷன் டிரிப்' என்ற சொல் இப்போது சாதாரணமாகிவிட்டது. பள்ளி விடுமுறை வந்தால் பத்துப் பதினைந்து பேர் ஒரே மாதிரி டி-சட்டை அடித்துக்கொண்டு கம்போடியாவுக்கோ நேப்பாளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ கிளம்புவார்கள். ஓர் அனாதை இல்லத்தில் நாலைந்து நாள். பாட்டு, விளையாட்டு, பைபிள் கதை, நல்ல சாப்பாடு, கடைசி நாள் அழுகை. திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் படம் போட்டுக் காட்டிச் சாட்சி சொல்வார்கள். போகிறவர்கள் மனசில் கள்ளம் இல்லை. அதனால்தான் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. நான் ஒன்று கேட்கிறேன்: படத்தில் நீங்கள் தூக்கி வைத்திருக்கிற அந்தப் பிள்ளையோட அம்மா எங்கே?

2011இல் கம்போடிய அரசும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை மட்டும் 75 விழுக்காடு கூடியது. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. கூடியது வெளிநாட்டுப் பார்வையாளர்களும் அவர்கள் கொண்டு வந்த பணமும்.

இதன் கணக்கு ரொம்ப எளிது. இல்லத்துக்குப் பணம் பிள்ளைகளின் தலையை எண்ணி வருகிறது. பிள்ளை இருந்தால்தான் விருந்தாளி வருவார், விருந்தாளி வந்தால்தான் காசு. கிராமத்து ஏழைத் தாயிடம் போய், "பள்ளிக்கூடம் இருக்கு, மூணு வேளை சோறு இருக்கு" என்று சொன்னால் அவள் அனுப்பி வைப்பாள். அவளைப் பொறுத்தவரை பிள்ளை படிக்கப் போயிருக்கிறது. நம் சபையின் படக்காட்சியில் அது அனாதை.

ஹைட்டியில் 2010 நிலநடுக்கம் முடிந்த சில வாரத்திலேயே அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்துக் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். விசாரித்தபோது அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தது தெரிந்தது. தமிழ்நாட்டுக் கதையும் வேறில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக் கொலையிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் என்று சொல்லி 89 பெண்பிள்ளைகள் திருச்சியில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் வளர்க்கப்பட்டார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பெற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. சோதனை வரை நீண்டது.

"கிறிஸ்தவர்களை மட்டும் ஏன் சாடுறீங்க?" என்பார்கள். சரி. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜிஐஎஸ்பி நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்டது. அது முஸ்லிம் நிறுவனம். மீட்கப்பட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களுடைய பிள்ளைகள் என்றுதான் போலீஸ் சொன்னது. எந்த மதமானாலும் இரக்கத்துக்குச் சந்தை இருக்கும் இடத்தில் அனாதைகள் தயாரிக்கப்படுவார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே, சுற்றுலாவாகவும் தன்னார்வச் சேவையாகவும் அனாதை இல்லங்களுக்குப் போவதால் வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

நான் கிறிஸ்தவர்களிடம் தனியாகப் பேசக் காரணம், அவர்கள் கையிலேயே இதற்குப் பதில் இருப்பதுதான். மிஷன் பயணத்துக்கு எல்லாரும் காட்டும் வசனம் யாக்கோபு 1:27. அதில் திக்கற்ற பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? பக்கத்திலேயே விதவைகளும் இருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் 'திக்கற்ற பிள்ளை' என்றால் பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளை. தாய் இருக்கிறாள். உபாகமம் 24ஆம் அதிகாரம் அந்தப் பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல் அவர்களுக்கு விட்டுவிடச் சொல்கிறது. வேதம் ஒன்றாக வைத்த இரண்டு பேரை நாம் பிரித்துவிட்டோம். பிள்ளையைப் படம் எடுத்தோம், விதவையை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்குத் தேவை கூடவே இருக்கிற ஆள். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1951இல் டோனாவூரிலேயே இறந்தார். இடையில் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், சேலை கட்டினார், பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள். மதமாற்றத்தை வைத்து அவர்மேல் விமர்சனம் உண்டு, இருக்கட்டும். ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஐந்து நாள் போய் வருகிறவர்களுக்கு என்ன நியாயம்? மாதத்துக்கு நாலு குழு வரும் இல்லத்தில், முன்பின் தெரியாதவர் மடியில் ஓடி வந்து ஏறப் பிள்ளை பழகிக்கொள்கிறது. அவர் போய்விடுவார் என்பதையும் பழகிக்கொள்கிறது. அதை நாம் அன்பு என்று படம் எடுக்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். பெக்கோக் மாதிரி ஊர்களைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். அன்றைக்குத் தோட்டத்துத் தாய் விடிவதற்கு முன்பே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்குப் போனாள். கொட்டகை ஒன்றும் மாளிகை இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் பிள்ளை அவள் இடுப்புக்கே திரும்பியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தோடு கொட்டகையும் போனது. கணவனை இழந்து தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு இன்றைக்குப் பிள்ளையை விட ஓர் இடம் இல்லை. சொக்சோ பணத்துக்கும் சமூகநல இலாகா உதவிக்கும் பாரம் நிரப்பத் தெரியாது. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் கதை இன்னும் மோசம். அவளைச் சிகாமட் வரை கூட்டிப்போய், கூடவே வரிசையில் நின்று, மறுபடி வரச் சொன்னால் மறுபடி கூட்டிப்போக எத்தனை சபைகளில் குழு இருக்கிறது? அதற்கு யாரும் டி-சட்டை அடிப்பதில்லை. அவளும் ஒரு நாள் பிள்ளையை ஏதோ ஓர் இல்லத்தில் விடுவாள். அங்கே வேறொரு நாட்டுக் குழு வந்து பாட்டுப் பாடும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதில் ஊரான் பிள்ளை என்பது கர்ப்பமாக இருக்கிற மனைவி என்று பெரியவர்கள் பொருள் சொல்வதுண்டு. அவளுக்குச் சோறு போட்டால் வயிற்றுப் பிள்ளை தானாக வளரும். தாய்க்குக் கொடு என்பதுதான் அதன் சாரம். கம்போடியாவுக்கு உதவ மனசு இருந்தால், பிள்ளைகளை வீட்டுக்கே திருப்பி அனுப்பும் வேலைக்குப் பணம் கொடுங்கள். நீங்கள் போக வேண்டியதில்லை. மிச்சமாகிற விமான டிக்கெட் காசில் பெக்கோக்கில் ஓர் ஆயாக் கொட்டகை திறக்கலாம்.